அடுத்த கோச்சுக்குக் கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களுக்கும் விளையாட்டுத்துறை இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். தெற்கு மாநிலம் ஒன்றில் உங்களுடையதைப் போன்ற ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து, அங்கேயே சில காலம் ஆய்வக வகுப்பு எடுத்து, இப்போது ஹூஸ்டனில் பிழைப்பு நடத்துகிறவன் நான். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிட்டுப் பயனில்லை என்று சொந்தபந்தமெல்லாம் கைவிட்டுவிட்டது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனை அமெரிக்கக் கால்பந்து என்ற இந்த முட்டைப் பந்து இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று நானே நினைக்கவில்லை. ஆகவே, கோச்சுகளுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்களைப் பற்றிய இதைக் கால்பந்தின் மேல் உள்ள கடுப்பில் எழுதிய மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் உங்களுக்கு வரும் கடிதங்கள் எந்தக் கோப்பில் போய் உறங்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வகுப்பறைகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணம் கட்டுகிற அப்பா அம்மாக்களாவது படிக்கட்டும். அவர்களில் பலருக்கு அந்த ஸ்டேடியம், பிள்ளையைச் சேர்க்கப் போனபோது வளாகத்தில் பார்த்த ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும் தலைமைப் பயிற்சியாளர்தான் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆளுநரை விட, பல்கலைக்கழகத் தலைவரை விட, மருத்துவமனையில் இதயத்தை அறுத்துத் தைக்கிற பேராசிரியரை விட.

2025 இலையுதிர் காலத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அக்டோபர் 12, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் தலைமைக் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. 19, ஃபுளோரிடா பில்லி நேப்பியரை. 26, எல்எஸ்யு என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் பிரையன் கெல்லியை. நவம்பர் 2, ஆபர்ன் ஹியூ ஃப்ரீஸை. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை வேலைநீக்கம். இந்த நால்வருக்கும் 'இனி வேலைக்கு வர வேண்டாம்' என்று சொல்வதற்காக ஒப்பந்தப்படி தர வேண்டியிருந்த தொகையைக் கூட்டினால் 13 கோடி டாலரைத் தாண்டும். அதே ஆண்டு ஜூலையில்தான், கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, வீரர்களுக்கே பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு அமலுக்கு வந்தது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும், எல்லா வீரர்களுக்கும் சேர்த்து. கெல்லி ஒருவருக்கு எல்எஸ்யு தர வேண்டியிருந்தது சுமார் 5.4 கோடி.

இதைச் சொன்னால் உங்கள் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் பதில், 'தோற்கிற கோச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்பது. நியாயம்தான். நீக்கியதைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் குறையில்லை. நீக்கிய நாளில் பணம் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், நீங்கள் கையெழுத்துப் போட்டபோதே போய்விட்டது. அந்த நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

2021 நவம்பர் நினைவிருக்கிறதா? எல்எஸ்யு, சதர்ன் கலிஃபோர்னியா என இரண்டு பெரிய வேலைகள் ஒரே நேரத்தில் காலியாக இருந்தன. யார் யாரைத் தூக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மிச்சிகன் ஸ்டேட்டில் மெல் டக்கருக்கு இரண்டாவது சீசன்தான். அவரை எல்எஸ்யு கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் 10 ஆண்டு, 9.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதே வாரத்தில் பென் ஸ்டேட் ஃபிராங்க்ளினுக்கு 10 ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. கடைசியில் எல்எஸ்யு இருவரையும் எடுக்கவில்லை. நோட்ர டேமிலிருந்து கெல்லியை எடுத்தது. அவருக்கும் 10 ஆண்டு, 9.5 கோடி. சதர்ன் கலிஃபோர்னியா ஓக்லஹோமாவிலிருந்து லிங்கன் ரைலியைக் கொண்டுவந்தது.

நான்கே ஆண்டுகள். டக்கரை 2023 செப்டம்பரில், ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லி நீக்கினார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஃபிராங்க்ளினும் கெல்லியும் 2025 அக்டோபரில் இரண்டு வார இடைவெளியில் வெளியே. ஒரே வாரத்தில் எழுதப்பட்ட மூன்று பத்தாண்டு ஒப்பந்தங்களில் ஒன்றுகூடப் பாதி வயதைத் தாண்டவில்லை.

கோச்சை வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் பேரம் பேசுகிறீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். போய்விடுவாரோ என்று பயப்படும்போது பேரமே பேசுவதில்லை. உங்கள் பணம் கரைவது இரண்டாவது இடத்தில்.

இதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் அந்தக் கூத்தைக் கொஞ்சம் அருகிலிருந்தே பார்த்தேன். 2017 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட்டிலிருந்து ஜிம்போ ஃபிஷரை அழைத்து வந்தார்கள். 10 ஆண்டு, 7.5 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். வரவேற்பில் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தர் அவர் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார். 'தேசிய சாம்பியன்' என்று அச்சடித்து, ஆண்டை மட்டும் நிரப்பாமல் விட்ட பலகை. ஜெயிப்பது உறுதி, எந்த ஆண்டு என்பதுதான் பாக்கி என்று பொருள்.

2020இல் ஃபிஷரின் அணி 9 வெற்றி, 1 தோல்வி. பெரிய சீசன்தான், மறுப்பதற்கில்லை. அடுத்த செப்டம்பரில் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய ஒப்பந்தமே 2027 வரை ஓடும். இன்னும் ஆறு ஆண்டுக்கு மேல் கையில் இருக்கும்போது எதற்கு நீட்டிப்பு? அவரை முதலில் ஏ அண்ட் எம்முக்குக் கொண்டுவந்த ஸ்காட் உட்வர்ட் அப்போது எல்எஸ்யு விளையாட்டுத்துறை இயக்குநர். பழைய முதலாளி திரும்பக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பேச்சு காற்றில் இருந்தது. 2022இல் அணி 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் ஃபிஷரை நீக்கினார்கள். கட்ட வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கு மேல்.

ஒரு மனக்கணக்கு போடுங்கள். நீட்டிக்காமல் விட்டிருந்தால் 2023 முடிவில் மிச்சம் நான்கு ஆண்டு. ஆண்டுக்கு 75 லட்சம் என்றாலும் 3 கோடி. மிச்சப் பணம் முழுவதும் அந்த ஒரு செப்டம்பர் கையெழுத்தின் விலை. அதோடு இன்னொரு விஷயம். பல ஒப்பந்தங்களில் ஒரு கழிவு விதி இருக்கும்: நீக்கப்பட்ட கோச் வேறு வேலை தேட வேண்டும், அங்கே வாங்கும் சம்பளத்தைப் பழைய இடம் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அது இல்லை. அவர் எங்கே வேலைக்குப் போனாலும், போகாவிட்டாலும், காசோலை வந்துகொண்டே இருக்கும்.

அந்த விதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபிராங்க்ளினே சாட்சி. அவருக்கு பென் ஸ்டேட் தர வேண்டியது ஏறத்தாழ 4.9 கோடி. ஒரு மாதத்தில் வர்ஜீனியா டெக்கில் வேலை கிடைத்தது. பேசி முடித்து பென் ஸ்டேட் தன் பாரத்தைச் சுமார் 90 லட்சத்துக்குக் குறைத்துக்கொண்டது. ஒரு பத்தியில் அடங்கும் விதி, 4 கோடி டாலர் வித்தியாசம். ஏ அண்ட் எம் அந்தப் பத்தியை ஏன் விட்டுக்கொடுத்தது என்று ஆட்சிக்குழுவில் யாராவது கேட்டார்களா?

மறுபக்கம் பாருங்கள். கோச் தானாகப் போனால் அவர் உங்களுக்குத் தர வேண்டிய தொகை, நீங்கள் அவருக்குத் தர வேண்டியதில் ஒரு சிறு பங்குதான். அதையும் பெரும்பாலும் அவரை எடுக்கும் புது இடம் கட்டிவிடும். இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த தாளில், உங்கள் சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவன்கூடக் கையெழுத்துப் போட யோசிப்பான்.

ஏஜெண்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஜிம்மி செக்ஸ்டன் என்ற ஒருவர் நிக் சேபன், லேன் கிஃபின், ஃபிராங்க்ளின் என்று வரிசையாகக் கோச்சுகளைப் பிரதிநிதித்துவம் செய்கிறார். ஓரிடத்தில் நாற்காலி காலியானால் அவர் கையில் இருப்பவர்களில் சிலருக்குப் புது வேலை, மற்றவர்களுக்குச் சம்பள உயர்வு. ஊரில் எல்லா வரன் ஜாதகமும் ஒரே தரகர் பையில் இருப்பதைப் போலத்தான். தரகரைத் திட்டி என்ன பயன்? பெண் வீட்டார் விசாரிக்காமல் தாம்பூலம் மாற்றினால் அது யார் தப்பு?

விசாரிப்பது என்றதும் 2001 நினைவுக்கு வருகிறது. நோட்ர டேம் ஜார்ஜ் ஓலீரியை எடுத்து ஐந்தே நாளில் அவர் ராஜினாமா. தன் விவரக்குறிப்பில் இல்லாத முதுகலைப் பட்டத்தையும் ஆடாத கல்லூரி ஆட்டத்தையும் போட்டிருந்தார். கண்டுபிடித்தது பல்கலைக்கழகம் அல்ல. அவருடைய கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு செய்தி எழுதலாம் என்று விசாரித்த நியூ ஹாம்ப்ஷயர் செய்தியாளர் ஒருவர். அதே நோட்ர டேம் 2005இல் சார்லி வைஸுக்கு, முதல் சீசன் பாதியில் இருக்கும்போதே, 10 ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. 2009இல் நீக்கியது. அதன்பின் அவர் கன்சாஸில் கோச்சாகி, அங்கேயும் நீக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் வேலை செய்யாத இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் ஒரு சாதாரணக் கருவி வாங்க மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, கொள்முதல் பிரிவில் கையெழுத்து வாங்கி, ஒரே ஒரு நிறுவனம்தான் செய்கிறது என்றால் அதற்குத் தனிக் கடிதம் வைக்க வேண்டும். அந்தப் படிவங்களின் நிறம்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீக்கும் விதத்திலும் ஒரு வார்த்தை. நெப்ராஸ்கா 2022 செப்டம்பர் 11 அன்று ஸ்காட் ஃப்ராஸ்டை நீக்கியது. முந்தின நாள் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றதன் எதிரொலி. தொகை 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாத கோபத்துக்கு 75 லட்சம் டாலர். இத்தனைக்கும் ஃப்ராஸ்ட் அந்த மண்ணின் மைந்தர், அங்கே சாம்பியன் அணியில் ஆடியவர். ஊரே அழைத்துக்கொண்டு வந்த கோச்.

எல்எஸ்யு கதையை முழுதாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கெல்லியை நீக்கிய சில நாளில் லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, அடுத்த கோச்சை உட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதற்கு டொனால்ட் ட்ரம்பிடமே விட்டுவிடலாம் என்று நக்கல் வேறு. ஃபிஷர் ஒப்பந்தம், கெல்லி ஒப்பந்தம் இரண்டின் பின்னாலும் இருந்தவர் உட்வர்ட் என்பதால் ஆளுநரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாளே உட்வர்டும் வெளியே. பிறகு தொகையைக் குறைக்கப் பேச்சு நடந்தது. கெல்லி தரப்பு நீதிமன்றம் போனது. அங்கே வெளிவந்த விஷயம்தான் உச்சம்: கெல்லி முறைப்படி நீக்கப்படவே இல்லை, அவரை நீக்க உட்வர்டுக்கு அதிகாரம் கிடையாது என்று பல்கலைக்கழகத் தரப்பு சொன்னதாம். ஞாயிற்றுக்கிழமை நாடே பார்க்க அறிக்கை விட்டு, இடைக்காலக் கோச்சை வைத்து ஆட்டமும் ஆடிவிட்டு! கடைசியில் நவம்பர் முடிவில், காரணமின்றி நீக்கினோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு சில நாளில் லேன் கிஃபினுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி. நீள ஒப்பந்தங்களைப் பற்றி ஆளுநர் கொதித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

'இது நன்கொடையாளர் பணம், மாணவர் பணம் இல்லை' என்பீர்கள். எல்எஸ்யு, ஏ அண்ட் எம் அளவில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் நன்கொடையாளரின் பையும் ஒரு பைதான். கால்பந்துக்குப் போன காசு நூலகத்துக்கு வராது. அதோடு இந்தச் சங்கிலியின் கீழ்க்கண்ணிகளைப் பாருங்கள். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவில் நிக் சேபன் ஓய்வு. இரண்டு நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் அங்கே போனார். தேசிய இறுதி ஆட்டத்தில் ஆடி ஒரு வாரம் ஆகாத அணியை விட்டுவிட்டு. வாஷிங்டன் அரிசோனாவின் ஜெட் ஃபிஷை எடுத்தது. அரிசோனா சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரென்னனை எடுத்தது. மேலே ஒருவர் எழுந்ததற்கு நான்கு வளாகங்கள் ஆட்டம் கண்டன. கீழே போகப் போக நன்கொடையாளர்கள் குறைவு, மாணவர் கட்டணம் அதிகம். ஜேம்ஸ் மேடிசன் போன்ற இடங்களில் விளையாட்டுச் செலவின் பெரும்பகுதி மாணவர் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பல்கலைக்கழகம் 2023இல் கர்ட் சிக்னெட்டியை இண்டியானாவிடமும், 2025இல் பாப் செஸ்னியை யுசிஎல்ஏவிடமும் பறிகொடுத்தது. ஸ்டேடியம் பக்கமே போகாத மாணவியும் அந்த அணிக்குக் கட்டணம் கட்டுகிறாள்.

இனி வீரர்கள். என் ஆய்வகப் பிரிவில் ஒரு பையன் இருந்தான். முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன், ஸ்டூலில் உட்கார்ந்தால் ஸ்டூல் இருப்பதே தெரியாது, ப்யூரெட் அவன் விரல்களுக்கு நடுவில் பேனா மாதிரி இருக்கும். கோச்சை நீக்கிய மறுநாள் டைட்ரேஷன் வகுப்பு. நிறம் மாறும் புள்ளியைத் தாண்டி ஊற்றிக்கொண்டே இருந்தான். கண் மேசைக்கடியில் போனில். அவனை வீடு தேடி வந்து சேர்த்த உதவிக் கோச் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்: இந்தப் பாடத்தின் கிரெடிட் வேறு கல்லூரியில் செல்லுமா? பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த பருவத்தில் அவன் பெயர் பட்டியலில் இல்லை.

முன்பெல்லாம் கல்லூரி மாறும் கால்பந்து வீரன் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கோச் மட்டும் திங்கட்கிழமை கிளம்பிப் போகலாம். 2021க்குப் பிறகு அந்த அநியாயம் போனது, நல்லது. ஆனால் நாட்காட்டியை யாரும் சரிசெய்யவில்லை. முறைப்படியான சீசன் நவம்பர் கடைசியில் முடிகிறது. எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறோம் என்று பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள் டிசம்பர் முதல் வாரம். பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஜனவரி வரை. வீரர்கள் இடம் மாறும் சாளரமும் ஜனவரியில் திறக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்குள் திணித்துவிட்டு, 'உடனே கோச் வேண்டும்' என்று அலறுகிறீர்கள். பென் ஸ்டேட் சீக்கிரமே நீக்கியும் தேடி முடிக்க ஐம்பது நாளுக்கு மேல் எடுத்தது. கையெழுத்து நாளில் அவர்களுக்குக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். வருவதாகச் சொல்லியிருந்த பிள்ளைகளில் பலர் ஃபிராங்க்ளின் பின்னால் வர்ஜீனியா டெக்குக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பதினேழு வயதுப் பையனின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சாப்பிட்டது பல்கலைக்கழகம் அல்ல, அந்த மனிதர்.

கெல்லி 2009இல் தோல்வியே காணாத சின்சினாட்டி அணியை, சுகர் போல் என்ற சீசன் முடிவுப் பெரிய ஆட்டத்துக்கு முன் விட்டுவிட்டு நோட்ர டேம் போனார். 2021இல் 11 வெற்றி, 1 தோல்வி (11-1) என்றிருந்த நோட்ர டேமை அதே மாதிரி விட்டுவிட்டு எல்எஸ்யு போனார். வீரர்களுக்கு விஷயம் முதலில் தெரிந்தது செய்திகளிலிருந்து. மறுநாள் காலை விடைபெறும் கூட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கிஃபின் 2010இல் டென்னசியை ஒரே ஆண்டில் விட்டுப் போனபோது மாணவர்கள் தெருவில் மெத்தையைக் கொளுத்தினார்கள். 2025இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை, நாம் செல்லமாகச் சொல்லும் ஓல் மிஸ்ஸை, 11-1 என்ற நிலையில், பிளே-ஆஃப் வாசலில் விட்டார். முன் அனுபவம் எல்லாம் கண்ணெதிரே இருக்க, 'எங்களிடம் அப்படிச் செய்ய மாட்டார்' என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் நம்புகிறீர்கள். அந்த வெகுளித்தனம் எனக்கு வியப்பு.

ஆனால் ஓல் மிஸ் அதன்பின் செய்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். 'பிளே-ஆஃப் முடியும் வரை நானே கோச்சாக இருக்கிறேன்' என்று கிஃபின் கேட்டார், முடியாது என்றார்கள். ஒரே லீகில் உள்ள போட்டியாளருக்குச் சம்பளத்துக்குப் போனவர் இங்கே உடைமாற்றும் அறையில் எப்படி நிற்க முடியும்? தற்காப்பாட்டக் கோச் பீட் கோல்டிங்கிடம் அன்றே முழுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் டுலேனுடன். டுலேன் கோச் ஜான் சம்ராலும் ஃபுளோரிடா வேலையை ஏற்றுக்கொண்டவர்தான். ஆனால் அவரை டுலேன் ஆட்டம் முடியும் வரை இருக்க விட்டது. ஒரே மைதானம், இந்தப் பக்கம் புதிதாக வந்தவர், அந்தப் பக்கம் கிளம்பப் போகிறவர். ஜேம்ஸ் மேடிசனும் செஸ்னியை அப்படி இருக்க விட்டது. இரண்டு முடிவுமே எனக்குச் சரி. ஏனென்றால் இரண்டிலும் வீரர்களுக்கு அடுத்த வாரம் யார் வருவார் என்று தெரிந்திருந்தது. ஓல் மிஸ் டுலேனை வென்று, ஜார்ஜியாவையும் வென்று, அரையிறுதியில் மயாமியிடம் 31-27 என்று தோற்றது. கோச் போனால் உலகம் முடிந்துவிடும் என்று பத்தாண்டு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அந்த மூன்று ஆட்டங்களையும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சுவாரசியம். மிசிசிப்பி மாநிலச் சட்டப்படி நான்கு ஆண்டுக்கு மேல் இப்படி ஒப்பந்தம் போட முடியாது. நினைத்தாலும் கிஃபினுக்குப் பத்தாண்டு எழுதித்தர வழியில்லை. அந்தச் சட்டம்தான் அவர்களைப் பின்தங்க வைக்கிறது என்று அங்கே புலம்புகிறவர்கள் உண்டு. பக்கத்து மாநிலம் லூசியானா அந்தத் தடையில்லாமல் எங்கே போய் நின்றது என்று மேலே பார்த்தோம்.

இண்டியானாவை மறைத்துவிட்டு நான் பேசக் கூடாது. கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டப் பிரிவு வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்திருந்த அணி அது, அப்போது. 2023 முடிவில் அறுபதைத் தாண்டியிருந்த சிக்னெட்டியை எடுத்தார்கள். பென் ஸ்டேட் நாற்காலி காலியான நான்காவது நாளே அவருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 1.16 கோடி. நான் இதுவரை திட்டிய அதே பயம், அதே அவசரம். 2026 ஜனவரியில் ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய சாம்பியன் ஆனார்கள். அந்தக் கையெழுத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அவரை எடுத்த நாளில் யாரும் அவருக்காகச் சண்டை போடவில்லை. போன இடமெல்லாம் ஜெயித்த சாதனையைப் பார்த்து, பேரம் பேசக்கூடிய விலையில் எடுத்தார்கள். நீங்கள் பின்பற்ற வேண்டியது அந்தப் பகுதி. நீங்கள் பின்பற்றப் போவது, எனக்குத் தெரியும், இரண்டாவது பகுதியை.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். ஓர் ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு மிச்சம் இருக்கும்வரை நீட்டிப்புப் பேச்சை எடுக்காதீர்கள். சீசன் நடுவில் எடுக்கவே எடுக்காதீர்கள். வேறு வேலைச் சம்பளத்தைக் கழிக்கும் அந்த ஒரு பத்தியை எந்த ஏஜெண்டுக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை, எல்எஸ்யு மாதிரி நீதிமன்றத்தில் போய்த் தேடாமல், முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கோச் மாறும் செய்தி வீரர்களுக்கு முதலில், நேரில், ஒரு கல்வி ஆலோசகரும் கூட இருக்கச் சொல்லப்படட்டும். கிரெடிட் செல்லுமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கட்டும். தலைமைக் கோச்சோடு சேர்ந்து வேலை போகும் உதவிக் கோச்சுகள், வீடியோ பிரிவுப் பிள்ளைகள், அலுவலக ஊழியர்கள் பற்றியும் ஒரு வரி இருந்தால் நல்லது. அவர்களுக்குக் கோடிகள் கிடையாது, பள்ளியில் படிக்கும் குழந்தைகள் உண்டு.

கடைசியாக, இப்போது நீங்கள் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையில் வரவேற்பு நடத்திவிட்டு, முழு ஒப்பந்தத்தைப் பல மாதம் கழித்து முடிக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். அடுத்த நவம்பரில் ஏஜெண்டிடமிருந்து போன் வரும். இன்னொரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, இன்று இரவுக்குள் பதில் வேண்டும் என்பார். முழு ஒப்பந்தத்தையும் இணையதளத்தில் போட்டு, பத்து நாள் கழித்துப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடத்துவோம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மறுத்தால், மறுத்த காரணத்தையும் அதே இணையதளத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவன் ஒருவன்
ஹூஸ்டன், டெக்சஸ்